'லுக் ஃபார்வர்ட் டு': அந்த 'டு'வுக்குப் பின்னால் என்ன எழுதுவது?

வேலை தேடி விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் என் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் கடைசி வரி ஒன்றுதான்: "ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ." உங்கள் பதிலை எதிர்நோக்குகிறேன் என்று சொல்ல நினைத்தது. காலேஜ் சீனியர் ஒருவரின் விண்ணப்பத்தில் இருந்து அப்படியே எடுத்தது, அவர் யாரிடமிருந்து எடுத்தாரோ. வேலை கிடைத்து இரண்டு மாதம் கழித்து, வாடிக்கையாளருக்கு அனுப்ப வைத்திருந்த ஒரு மெயிலை என் மேலாளர் படித்தார். திரையில் 'ஹியர்' என்ற சொல் மேல் விரலை வைத்து "ஹியரிங்" என்றார். ஏன் சார் என்று கேட்டேன். "அது அப்படித்தான்பா" என்றார்.

'அப்படித்தான்' என்று தெரிந்துகொண்ட விஷயம் அடுத்த மாதமே மறந்துபோகும். எனக்கும் போனது. காரணம் புரிந்த பிறகுதான் நின்றது, அந்தக் காரணம் நம்முடைய தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது என்பது இன்னொரு ஆச்சரியம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், காதுக்குப் பழகினால் கைக்கும் பழகிவிடும்.

முதலில் சரியான வடிவம்:

"ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ."
"வி ஆர் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யுவர் டீம்."
"ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை."

முதல் இரண்டிலும் 'டு'வுக்குப் பின் வினை வருகிறது, அதனால் 'இங்' சேர்ந்திருக்கிறது. மூன்றாவதில் வருவது பெயர்ச்சொல், அங்கே எதையும் சேர்க்க வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்கள் இந்த மூன்றாவதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு கிளம்பலாம். வினையையே தவிர்த்துவிட்டால் தப்பு வர வழியில்லை. "யுவர் ரிப்ளை", "தி மீட்டிங்", "தி ஃபோன் கால் ஆன் ஃப்ரைடே" என்று ஏதாவது பெயரைப் போட்டுவிட்டால் போதும்.

மற்றவர்களுக்குக் காரணம். ஆங்கிலத்தில் 'டு' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. "ஐ வான்ட் டு கோ" என்பதில் வரும் 'டு' வினைக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் வெறும் அடையாளம். "ஐ வென்ட் டு மதுரை" என்பதில் வரும் 'டு' வேறு ஆள், நம்முடைய நான்காம் வேற்றுமை 'கு' மாதிரி, பின்னால் ஒரு பெயரைக் கேட்கும். 'லுக் ஃபார்வர்ட் டு'வில் இருப்பது இந்த இரண்டாவது ஆள். அவருக்குப் பெயர்ச்சொல்தான் வேண்டும், வினையைக் கொடுத்தால் ஏற்கமாட்டார். அந்த வினைக்கு 'இங்' என்று ஒரு சட்டையை மாட்டிப் பெயராக்கிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன, அப்போது 'டு'வுக்குப் பின் வரும் வினைக்கு 'என்னெ' என்று முடியும் தனி விகுதியே உண்டு. காலப்போக்கில் விகுதி தேய்ந்துபோய் வெறும் வினை நின்றுவிட்டது. 'டு' இரண்டு ஆளாகப் பிரிந்தது, ஆனால் இருவருக்கும் ஒரே முகம். அந்த விகுதி உயிரோடு இருந்திருந்தால் நான் இதை எழுதவேண்டிய வேலையே இல்லை.

இனி தமிழ். பள்ளியில் படித்த வினையெச்சமும் தொழிற்பெயரும் நினைவிருக்கிறதா? 'சந்திக்க' என்பது வினையெச்சம், 'செய' என்னும் வாய்பாடு. 'சந்தித்தல்', 'சந்திப்பது' என்பவை தொழிற்பெயர்கள், இவற்றோடு வேற்றுமை உருபு ஒட்டும், 'சந்திப்பதை', 'சந்திப்பதற்கு' என்று. வினையெச்சத்தோடு ஒட்டாது, 'சந்திக்கஐ' என்று யாராவது சொல்வோமா? ஆங்கிலத்தில் நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான். 'டு மீட்' என்பது நம் 'சந்திக்க'. 'மீட்டிங்' என்பது நம் 'சந்திப்பது'.

அப்படியானால் "உங்களைச் சந்திக்க விரும்புகிறேன்" என்பது "ஐ வான்ட் டு மீட் யூ". "உங்களைச் சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்" என்பது "ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ". எதிர்நோக்குதலுக்கு 'எதை' என்ற கேள்வி உண்டு, அதற்குப் பதிலாக வருவது பெயராகத்தான் இருக்கவேண்டும். சொல்லுக்குச் சொல் பார்த்தாலும் 'லுக் ஃபார்வர்ட்' என்பது எதிர்நோக்கு என்பதுதான், இவ்வளவு நெருக்கமாக வாய்த்த சொல் அபூர்வம்.

அப்புறம் ஏன் இத்தனை பேர் தப்பாக எழுதுகிறோம்? ஏனென்றால் நாம் யாரும் மனத்துக்குள் "சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்" என்று நினைப்பதில்லை. "உங்களைச் சந்திக்க ஆவலா இருக்கேன்" என்றுதான் நினைக்கிறோம். அங்கே 'சந்திக்க' இருக்கிறது, வினையெச்சம், அதை அப்படியே தூக்கி 'டு மீட்' என்று வைக்கிறோம். 'ஆவலாக இருக்கிறேன்' என்ற பகுதிக்கு மட்டும் 'லுக்கிங் ஃபார்வர்ட்' என்று எங்கோ கேட்ட சொல்லைப் பொருத்துகிறோம். இரண்டு வெவ்வேறு வண்டியின் உதிரிபாகம். 'ஆவல்' என்று நினைத்தால் ஆங்கிலத்திலும் ஆவலையே எழுதுங்கள்: "ஐ ஆம் ஈகர் டு மீட் யூ." இது முழுக்கச் சரி, 'இங்' தேவையே இல்லை. 'லுக் ஃபார்வர்ட்' என்று எழுதப்போகிறீர்கள் என்றால் கை வைக்கும் முன்பே மனத்தில் 'எதிர்நோக்குகிறேன்' என்று சொல்லிக்கொள்ளுங்கள், 'சந்திப்பதை' தானாக வரும்.

தமிழ் வழி பிடிக்காதவர்களுக்கு ஆங்கிலத்துக்குள்ளேயே ஒரு சோதனை உண்டு. வினைக்குப் பதிலாக 'இட்' போட்டுப் பாருங்கள். "ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்" நன்றாக நிற்கிறது, ஆகவே 'இங்' வேண்டும். "ஐ வான்ட் டு இட்" நொண்டுகிறது, ஆகவே வேண்டாம். இது நூற்றுக்கு நூறு வேலை செய்யாது. 'அக்ரீ' என்ற வினையைப் பாருங்கள், "ஐ அக்ரீ டு இட்" என்றும் சொல்லலாம், ஆனால் வினை வந்தால் "ஐ அக்ரீ டு பே" என்பதுதான் சரி, 'பேயிங்' அல்ல. 'கன்சென்ட்' என்பதும் அதே கதை. இந்த மாதிரி இரண்டு பக்கமும் ஆடுகிற சொற்கள் சில உண்டு, 'லுக் ஃபார்வர்ட்' அந்தக் கூட்டத்தில் இல்லை என்பது நம் நல்ல நேரம்.

இதைக் கற்றுக்கொண்ட புதிதில் வரும் ஒரு வியாதியையும் சொல்லிவிடுகிறேன். என் அணியில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பிக்கு இதை விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் அவர் எழுதிய மெயில்: "வி வுட் லைக் டு மீட்டிங் யூ ஆன் மண்டே அண்ட் ஹோப் டு ரிசீவிங் யுவர் கன்ஃபர்மேஷன்." 'டு'வைப் பார்த்த இடத்தில் எல்லாம் 'இங்' போட்டிருந்தார். தப்பு அவருடையது இல்லை, நான் 'டு'வுக்குப் பின் 'இங்' என்று பொதுவாகச் சொன்னேன். 'வுட் லைக்', 'ஹோப்', 'வான்ட்', 'ப்ளான்', 'எக்ஸ்பெக்ட்' இவற்றுக்குப் பின் வருவது அந்த முதல் 'டு', வெறும் வினைதான் வரும். 'சந்திக்க விரும்புகிறோம்', 'சந்திக்கத் திட்டமிட்டிருக்கிறோம்' என்று தமிழிலும் வினையெச்சம்தானே.

அடுத்தது பொருள். 'எதிர்பார்க்கிறேன்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் நான்கு வேலை செய்கிறோம். மழையை எதிர்பார்க்கிறோம், பதிலை எதிர்பார்க்கிறோம், பிள்ளை ஊரிலிருந்து வருவதை எதிர்பார்க்கிறோம், கடன்காரன் வருவதையும் எதிர்பார்க்கிறோம். ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனிச் சொல். 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதற்குள் மகிழ்ச்சி இருக்கிறது. நடக்கப்போவது நல்ல விஷயம், அது எப்போது நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன் என்று பொருள். அதனால் ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்று தெரிந்து ஆறுதல் எழுதும்போது இந்தச் சொல்லை அந்த சிகிச்சையோடு சேர்த்துவிடாதீர்கள். அவர் குணமாகித் திரும்பி வருவதோடு சேர்க்கலாம்: "லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹேவிங் யூ பேக்."

தமிழ் 'எதிர்நோக்கு' இந்த இடத்தில் கொஞ்சம் காலை வாரும். செய்தித்தமிழில், குறிப்பாக இலங்கைப் பத்திரிகைகளில், மக்கள் சிக்கல்களை எதிர்நோக்குகிறார்கள் என்று எழுதுவார்கள், அங்கே அதற்குச் சிக்கலுக்கு முகங்கொடுப்பது என்று அர்த்தம். அந்த எதிர்நோக்கை இந்த ஆங்கிலச் சொல்லால் பெயர்த்தால் மக்கள் சிக்கல் வரட்டும் என்று ஆசையோடு காத்திருக்கிறார்கள் என்றாகிவிடும். அதற்கு 'ஃபேஸ்' என்ற சொல் இருக்கிறது.

'எக்ஸ்பெக்ட்' பக்கம் போனால் தொனி மாறிவிடுகிறது. "ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை பை மண்டே" என்றால் திங்கட்கிழமைக்குள் பதில் வந்தாகவேண்டும் என்று மேலதிகாரி சொல்கிற தோரணை. வேலை கேட்டு எழுதும் கடிதத்தில் இதைப் போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், நாம் மரியாதையாகத்தான் எழுதியிருப்போம், படிப்பவருக்கு மிரட்டலாக இருக்கும். "ஐ ஆம் எக்ஸ்பெக்டிங்" என்று அதோடு நிறுத்தினால் பிள்ளை உண்டாகியிருக்கிறேன் என்று பொருள், அதுவும் நினைவில் இருக்கட்டும். 'அவெய்ட்' என்பதற்குக் காத்திருத்தல் என்று மட்டும் பொருள், சந்தோஷமும் இல்லை, அதட்டலும் இல்லை. அதற்குப் பின் 'ஃபார்' வராது. "ஐ அவெய்ட் யுவர் ரிப்ளை" சரி, "அவெய்ட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை" தப்பு. 'ஃபார்' வேண்டும் என்றால் 'வெய்ட்டிங் ஃபார்' என்று எழுதுங்கள். நண்பருக்கு எழுதும்போது அது சரி, அலுவலகத்தில் "ஐ ஆம் வெய்ட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை" என்றால் ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று கேட்பது போலத் தொனிக்கும்.

ஒரு விதிவிலக்கு. புகார்க் கடிதத்தின் கடைசியில் "ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ப்ராம்ட் ரெஸ்பான்ஸ்" என்று எழுதுவது வழக்கம். அங்கே மகிழ்ச்சி ஒன்றும் கிடையாது, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் மரியாதை. இருபக்கமும் அது தெரியும், ஆகவே தாராளமாக எழுதலாம்.

'ஐ லுக் ஃபார்வர்ட்' என்பதா, 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்' என்பதா? இரண்டும் சரி. முதலாவது கொஞ்சம் விறைப்பு, விண்ணப்பம், அரசு அலுவலகம், முன்பின் தெரியாதவர் என்றால் அது. இரண்டாவது கொஞ்சம் நெருக்கம். 'ஐ ஆம்' என்பதை விட்டுவிட்டு "லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ" என்று மொட்டையாக எழுதுவது தினசரி மெயிலில் எல்லோரும் செய்வதுதான், முழு வாக்கியம் இல்லை என்றாலும் யாரும் குறை சொல்வதில்லை. அப்படி எழுதினால் கடைசியில் முற்றுப்புள்ளி வையுங்கள். நம் பள்ளிக்கடிதத்தில் 'தேங்கிங் யூ' என்று எழுதி ஒரு கமாவைப் போட்டுக் கையெழுத்துக்குப் போகச் சொல்லிக்கொடுத்தார்கள், அந்தப் பழக்கத்தில் இதற்கும் கமா போட்டுத் தொங்கவிடுகிறோம். அந்தக் காலத்து ஆங்கிலக் கடிதங்களில் அந்தக் கமாவுக்குப் பின் 'ஐ ரிமெய்ன்' என்று ஒரு பகுதி வந்து வாக்கியத்தை முடித்துவைக்கும், இப்போது அந்தப் பகுதி போய்விட்டது, கமா மட்டும் அநாதையாக நிற்கிறது.

இன்னொரு இடத்தில் தமிழர்கள் மட்டும் தனியாக வழுக்குகிறோம் என்று எனக்கு ஒரு எண்ணம். "இதுதான் நான் எதிர்பார்த்திருந்த நாள்" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் "திஸ் இஸ் தி டே ஐ வாஸ் லுக்கிங் ஃபார்வர்ட்" என்று எழுதி நிறுத்திவிடுவோம். 'டு' காணாமல் போய்விட்டது. காரணம் தமிழில் பெயரெச்சம் வரும்போது வேற்றுமை உருபு விழுங்கப்பட்டுவிடும். ஊருக்குப் போனேன் என்பதில் இருக்கும் 'கு', 'போன ஊர்' என்பதில் இல்லை. கத்தியால் வெட்டினேன் என்பதில் இருக்கும் 'ஆல்', 'வெட்டிய கத்தி' என்பதில் இல்லை. ஆங்கிலம் அப்படி விழுங்காது. "திஸ் இஸ் தி டே ஐ வாஸ் லுக்கிங் ஃபார்வர்ட் டு" என்று 'டு'வில் முடிக்கவேண்டும், காதுக்கு அந்தரத்தில் நிற்பது போல இருந்தாலும். முன்னிடைச்சொல்லில், அதாவது ப்ரெபொசிஷனில், வாக்கியத்தை முடிக்கக்கூடாது என்று உங்கள் ஆசிரியர் சொல்லியிருக்கலாம், அந்த விதியைக் காப்பாற்றப் போய் இந்த 'டு'வை வெட்டாதீர்கள். 'டு'வுக்குப் பதிலாக 'ஃபார்' போடுவதும் வேண்டாம். "லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை" என்று தினமும் பார்க்கிறேன், உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன் என்பதில் உள்ள 'ஆக' அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது.

யார் வருவதை எதிர்நோக்குகிறோம் என்று சொல்லவேண்டும் என்றால்? "வி லுக் ஃபார்வர்ட் டு யூ ஜாயினிங் அஸ்" அல்லது "டு யுவர் ஜாயினிங் அஸ்". இதில் எது சரி என்று 1920களிலேயே பெரிய சண்டை நடந்தது. ஆங்கில நடைக் கையேடு எழுதிய ஹென்றி ஃபௌலர் 'யூ ஜாயினிங்' என்ற அமைப்பைக் கடுமையாகத் திட்டினார், டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் அதில் தப்பே இல்லை என்று பதில் எழுதினார். இன்று இரண்டையும் ஏற்கிறார்கள். அலுவலகக் கடிதம் என்றால் நான் 'யுவர்' போடுவேன், மற்ற நேரத்தில் 'யூ'. தமிழிலும் 'நீங்கள் வருவதை' என்றும் 'உங்கள் வருகையை' என்றும் இரண்டு வழி இருக்கிறதே, அதே மாதிரிதான்.

எதிர்மறைக்கு 'நாட்'டை முன்னால் வையுங்கள்: "ஐ ஆம் நாட் லுக்கிங் ஃபார்வர்ட் டு தி எக்ஸாம்." செயப்பாட்டு வினைக்கு 'பீயிங்': "லுக்கிங் ஃபார்வர்ட் டு பீயிங் இன்டர்வியூட்", நேர்காணல் செய்யப்படுவதை. 'ஃபார்வர்ட்' என்பதற்கு எழுத்து எஃப்-ஓ-ஆர்-டபிள்யூ-ஏ-ஆர்-டி. நடுவில் ஓர் 'ஈ' சேர்த்து, 'ஏ' இருந்த இடத்தில் 'ஓ' வைத்தால் அது நூலுக்கு எழுதும் அணிந்துரை ஆகிவிடும். கடைசியில் 'எஸ்' சேர்க்கவேண்டாம்.

இந்த இரண்டாவது 'டு'வைச் சுமந்துகொண்டு திரியும் சொந்தக்காரர்கள் இன்னும் உண்டு. "கமிட்டட் டு இம்ப்ரூவிங்", "இன் அடிஷன் டு டீச்சிங்", "வென் இட் கம்ஸ் டு குக்கிங்", "ஐ அப்ஜெக்ட் டு பேயிங்". அரசுக் கடிதங்களில் அடிக்கடி வரும் "வித் எ வியூ டு" என்பதும் இதில் சேர்த்தி, "வித் எ வியூ டு இம்ப்ரூவ்" என்றுதான் பாதிப்பேர் எழுதுகிறார்கள், 'இம்ப்ரூவிங்' வேண்டும். இந்தக் குடும்பத்தில் தலைவலி பிடித்தவர் 'யூஸ்ட் டு'. "ஐ யூஸ்ட் டு லிவ் இன் திருச்சி" என்றால் முன்பு திருச்சியில் இருந்தேன், இப்போது இல்லை. "ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் இன் திருச்சி" என்றால் திருச்சி வாழ்க்கை எனக்குப் பழகிவிட்டது. நடுவில் 'ஆம்' வந்ததும் 'இங்' வருகிறது. "திஸ் நைஃப் இஸ் யூஸ்ட் டு கட் வெஜிடபிள்ஸ்" என்பது மூன்றாவது வகை, கத்திக்கு எதுவும் பழகவில்லை, வெட்டப் பயன்படுகிறது, ஆகவே 'வெட்ட', வினையெச்சம், 'இங்' இல்லை. பழகியது என்றால் 'இருப்பது பழகிவிட்டது', பயன்பாடு என்றால் 'வெட்டப் பயன்படுகிறது', மறுபடியும் அதே தமிழ்ச் சோதனைதான்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் தப்பு வரும், ஏனென்றால் உங்கள் கைபேசிக் கீபோர்டுக்கு இது தெரியாது. ஜிமெயில் 2018-இல் இருந்து வாக்கியத்தைத் தானே முடித்துக்கொடுக்கிறது, அதை நம்பலாம், பெரும்பாலும் 'ஹியரிங்' என்றுதான் காட்டும். ஆனால் கீபோர்டு நீங்கள் அடிப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ஜாதி. இத்தனை நாள் 'டு ஹியர்' என்று அடித்திருந்தால் 'டு' அடித்ததும் அது 'ஹியர்' என்று நீட்டக்கூடும், நாமும் அவசரத்தில் தட்டிவிடுவோம். கூகுள் கீபோர்டு என்றால் அப்படி வரும்போது அந்தச் சொல்லை அழுத்திப் பிடித்து, திரையில் தோன்றும் குப்பைத்தொட்டிக்கு இழுத்துப் போடுங்கள். அப்படியே மெயிலில் அனுப்பியவற்றுக்குப் போய் 'ஃபார்வர்ட் டு' என்று மேற்கோள் குறிக்குள் அடித்துத் தேடுங்கள். என்னுடையதில் அந்த விண்ணப்பங்கள் எல்லாம் இன்னும் இருக்கின்றன.